பீங்கான் கோழி உடைந்த விவரம்

என் பெயர், தந்தை பெயர், முகவரி ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் எழுதியிருப்பவைதான், சரிபார்த்துவிட்டேன். வயது ஐம்பத்தொன்பது. தொழில் பல் மருத்துவம். கீழே கிளினிக், மேலே வீடு. திருமணம் ஆகவில்லை, தனியாக இருக்கிறேன். இதற்கு முன் எந்தக் காவல் நிலையத்தின் படியையும் மிதித்ததில்லை. என் உடன்பிறந்த தம்பியும் பழம்பொருள் தரகர் ஒருவரும் என்மீது கொடுத்த புகாரின் பேரில் அழைக்கப்பட்டு இன்று காலை வந்தேன். என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள், என்னால் உட்கார முடியவில்லை. நான் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சொன்னதில் எழுத்தர் தனக்குத் தலை சுற்றுவதாகச் சொன்னார். அதன் பிறகு சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னேன்.

தம்பி என்னைவிட நான்கு வயது இளையவன். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், கடைக்கு மேலேயே வீடு. அக்காவுக்குப் பல், தம்பிக்குக் கண், மூக்குக்கு மட்டும்தான் இந்தக் குடும்பத்தில் ஆள் இல்லை என்று தெரிந்தவர்கள் கேலி செய்வார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து பழைய ஐரோப்பியக் கண்ணாடிச் சாமான்களும் பீங்கான் சாமான்களும் சேர்த்துவந்தோம். கண்ணாடி அவன் பக்கம், பீங்கான் என் பக்கம். தண்டுக்குள் வெள்ளை நூல் முறுக்கியது போன்ற மதுக்கோப்பைகளை அவன் எங்கிருந்தாவது தேடிப் பிடிப்பான். நகத்தால் விளிம்பைச் சுண்டி, சத்தம் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகிறது என்று கேட்டே நல்லது கெட்டது சொல்வான். நான் தட்டு, ஜாடி, பொம்மை. எங்கே சாப்பிடப் போனாலும் தட்டைக் கவிழ்த்து அடியில் என்ன முத்திரை என்று பார்க்கிற வியாதி இருவருக்கும் உண்டு. இந்த நிலையத்தில் எனக்குக் கொடுத்த தேநீர்க் கோப்பையையும் கவிழ்த்துப் பார்த்தேன், தேநீரைக் குடித்த பிறகுதான். எழுத்தர் சிரித்தார். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

புகாரில் 'பீங்கான் கோழி' என்று இருக்கிறது. அது பீங்கான் அல்ல. சுட்ட மண், மேலே வெள்ளைப் பூச்சு, அதன்மேல் வண்ணம். ஐரோப்பாவில் பெரிய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சூப்பு வைப்பதற்காகச் செய்தது. கீழ்ப்பாதி கூடை மாதிரியான பாத்திரம், மேல்பாதி அதன்மேல் அடைகாத்து உட்கார்ந்திருக்கும் கோழி; கோழிதான் மூடி. இருநூறு வருடத்துக்கு மேல் பழையது. கோழியை வாங்கியது தம்பி. கூடையை வேறொரு ஊரில், வேறொரு சமயத்தில், தனியாக வாங்கியது நான். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தபோது கொஞ்சம்கூட ஆடாமல் உட்கார்ந்தது. அன்று முதல் அது தம்பி வீட்டு அலமாரியில் நடுத்தட்டில் இருந்தது.

இங்கே ஒரு வார்த்தையை விளக்க வேண்டும். மூடியும் பாத்திரமும் ஒரே சூளையில் ஒன்றாகச் சுட்டவையாக இருந்தால் எங்களைப் போன்ற ஆட்கள் அதை 'உடன்பிறந்தது' என்போம். எங்கிருந்தோ வந்த மூடியை எங்கிருந்தோ வந்த பாத்திரத்தின்மேல் வைத்திருந்தால் அது 'கல்யாணம்'. கல்யாணம் என்றால் மதிப்பு இறங்கிவிடும். இதைக் கேட்ட துணை ஆய்வாளர் அம்மா, அது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே என்றார். பிறகு, அதை எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

மூடிகள் மாறிப்போகாமல் இருக்கப் பாத்திரத்தின் உள்ளேயும் மூடியின் உள்விளிம்பிலும் ஒரே எண்ணைத் தூரிகையால் எழுதுவது வழக்கம். என் கூடையில் இருப்பது ஏழு. நடுவே குறுக்குக்கோடு போட்ட ஏழு, சந்தேகமே இல்லை. கோழியில் இருந்தது பூச்சில் கொஞ்சம் கலங்கியிருந்தது. ஐரோப்பிய ஆட்கள் ஒன்று என்ற எண்ணை எழுதும்போது தலையில் நீளமாக ஒரு இழுப்பு இழுப்பார்கள், அவசரத்தில் அது ஏழு மாதிரியே இருக்கும். நானும் தம்பியும் கோழியில் இருப்பதும் ஏழுதான், ஆகவே உடன்பிறந்ததுதான் என்று எல்லோரிடமும் அடித்துச் சொல்லிவந்தோம். நம்பாதவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர்தான் புகார் கொடுத்த தரகர். எப்போதும் வெள்ளைத் துணிக் கையுறை போட்டுக்கொண்டு வருவதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் வெள்ளைக்கையுறை. பூச்சுள்ள சாமானைச் சுத்தமான வெறுங்கையால்தான் பிடிக்க வேண்டும், துணிக் கையுறை வழுக்கும். இதை அவரிடம் பலமுறை சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்துக்குப் பிறகு தம்பி எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டான். பேசுவான், ஆனால் என் காதுப் பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசுவான். "என்னடா, என் காதுல என்ன தொங்குது?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணும் இல்லக்கா, சும்மா" என்றான். அதன் பிறகு அலமாரியில் உள்ள கோப்பையை யாராவது ஒரு விரல் அளவு நகர்த்தி வைத்தாலும் வீடே அதிரக் கத்தினான். அதன் பிறகு கடையில் கண் பரிசோதனை செய்வதை விட்டுவிட்டு அந்த வேலைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டான். எனக்குத் தண்ணீர் ஊற்றும்போது டம்ளருக்குள் விரலை விட்டுக்கொண்டு ஊற்றினான். கையைக் கழுவினாயா என்று திட்டினேன். இவ்வளவையும் என் கண்ணால் பார்த்தேன், ஒன்றையும் இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கவில்லை. எனக்கு வந்தது கோபம் மட்டும்தான். பெரிய மனுஷன் ஆகிவிட்டான் என்று நினைத்து, அவன் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு போன வாரம் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, எல்லாத்தையும் குடுத்துடலாம்னு இருக்கேன். இடத்தை அடைக்குது. உன் கூடையையும் சேர்த்துக் கேக்கறாங்க, நீ வந்தா பேசிக்கலாம்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரிடம் என்று கேட்டதற்கு வெள்ளைக்கையுறை என்றான். தம்பி மனைவி சொல்லிக்கொடுத்துப் பேசுகிறான் என்று நான் நினைத்தேன். அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வலது கடைவாய்ப் பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போட வேண்டிய ஒருவருக்கு இடது பக்கம் ஊசியைக் கொண்டுபோனேன். நல்லவேளையாக அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார். மீதிப் பேரை மறுநாள் வரச் சொல்லிவிட்டு, ஏற்கெனவே கழுவிய கருவிகளையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

சம்பவம் நடந்தது கடை விடுமுறை நாளில், காலையில். நான் போனபோது தரகர் எனக்கு முன்பே வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தார். மேசையில் கம்பளி விரித்து, கோழியையும் கூடையையும் தனித்தனியாக வைத்திருந்தார்கள். நான் உள்ளே நுழையும்போது தம்பி ஏதோ தட்டச்சுத் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். தரகர் தன் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் போட்டான். அது என்ன தாள் என்று கேட்டேன். "சும்மா ஒரு சம்மதக் கடிதம்தான் மேடம்" என்று தரகரே பதில் சொன்னார். இதைக் குறிப்பாக எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அதன் பிறகு தரகர் என்னிடம் ஒரு ஜோடி கையுறையைக் கொடுத்துப் போட்டுக்கொண்டால்தான் பொருளைத் தொடவிடுவேன் என்றார். என் கூடையைத் தொட எனக்கே கையுறையா என்று கேட்டேன். "போட்டுக்கோக்கா, விடு" என்றான் தம்பி. போட்டுக்கொண்டேன். அதன் பிறகு தரகர் கூடையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, இதில் ஏழு இருப்பது சரி, கோழியில் இருப்பது ஒன்று, ஆகவே இது கல்யாணம், கல்யாணத்துக்கு உண்டான மரியாதையைத்தான் கொடுக்க முடியும் என்றார். தம்பிக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. அவன் கோழியைத் தூக்கிக் கவிழ்த்து, கடையில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்தி, உள்விளிம்பை நன்றாகப் பார்த்து, "நல்லாப் பாருங்க சார், பளிச்சுனு ஏழு" என்றான்.

அவன் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் எண் இல்லை. எண் எதிர்ப்பக்க விளிம்பில், வாலுக்கு அடியில் இருந்தது. நான் அவனுக்கு நேர் எதிரில் நின்றதால் எண் எனக்குத்தான் தெரிந்தது. அவன் பார்த்தது வெறும் வெள்ளைப் பூச்சை.

தரகர் கூடையையே பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. கண்ணில் நேராகப் பார்க்கிற இடம் மட்டும் அழிந்து ஓரம் மிச்சமிருக்கிற நோய் ஒன்று உண்டு. அப்படிப்பட்டவர்கள் ஒரு முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்குப் பக்கத்தில்தான் பார்ப்பார்கள். நான் மருத்துவம் படித்தவள். என் தம்பி மாதக்கணக்காக என் காதைப் பார்த்துப் பேசியிருக்கிறான். அவன் என் முகத்தைத் தேடிக்கொண்டிருந்ததை முகம் கொடுக்கவில்லை என்று நான் நினைத்துவிட்டேன்.

அதன் பிறகு நான் "குடு, நான் பார்க்கறேன்" என்று கோழியை வாங்கினேன். அவன் கையிலிருந்து சீக்கிரம் அகற்ற வேண்டும் என்பதுதான் எண்ணம். வாங்கியதும் பழக்கதோஷத்தில் கழுத்தை முன்பல்லில் வைத்து லேசாக உரசினேன். புகாரில் 'பொருளைக் கடித்தார்' என்று இருப்பது இதுதான். கடிக்கவில்லை. பூச்சு சுட்ட பூச்சாக இருந்தால் பல்லில் வழுவழுவென்று வழுக்கும்; உடைந்து ஒட்டி மேலே வண்ணம் பூசியிருந்தால் மெத்தென்று பிடிக்கும். கையால் தடவித் தெரியாதது பல்லுக்குத் தெரியும். இது பீங்கான் சேர்ப்பவர்கள் எல்லோரும் செய்வது, பல் மருத்துவர்கள் மட்டும் செய்வதல்ல. கழுத்தைச் சுற்றி மெத்தென்று பிடித்தது. நகப்பூச்சு வாசனை அடித்தது. கழுத்து உடைந்து, யாரோ ஒட்டி, மேலே நகப்பூச்சு பூசியிருக்கிறார்கள். என் தம்பி கனவில்கூட ஒரு கோழிக்கு நகப்பூச்சு பூசமாட்டான்.

நான் பல்லில் வைத்ததைப் பார்த்த தரகர், "என்ன மேடம், ஏதாவது ரிப்பேரா?" என்று கேட்டு, சட்டைப் பையிலிருந்து ஊதா டார்ச்சை எடுத்தார். அந்த வெளிச்சம் பட்டால் ஒட்டிய இடம் தனி நிறத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். "நமக்கு எதுக்கு சந்தேகம், அடிச்சுப் பார்த்துடலாமே" என்று சன்னல் திரையை இழுத்து மூடப் போனார். தம்பி, "தாராளமா அடிச்சுப் பாருங்க சார், ஒரு கீறல் இருந்தா சும்மாவே எடுத்துக்கிட்டுப் போங்க" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்கு அப்போதே உறுதியாகிவிட்டது. டார்ச்சு அடித்தால் நாளைக்கு ஊரில் உள்ள அத்தனை சேகரிப்பாளர்களும் சொல்வது இரண்டில் ஒன்றாக இருக்கும். கண்ணாடிக் கடைக்காரர் ஒட்டுப்போட்ட கோழியைத் தலையில் கட்டப் பார்த்தார் என்பார்கள். இல்லையென்றால், கண்ணாடிக் கடைக்காரருக்கே கண் தெரியவில்லை என்பார்கள். திருடன் என்றாலும் குருடன் என்றாலும் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

தரகர் திரையை மூடிவிட்டுத் திரும்பும்போது நான் கோழியைத் தரையில் போட்டேன். கை வழுக்கவில்லை. இரண்டு கையையும் விரித்து, தெரிந்தேதான் போட்டேன். கல் தரை.

தம்பி சத்தம் வந்த பக்கம் திரும்பினான், தரையைப் பார்க்கவில்லை. "என்னக்கா? அக்கா, கை வழுக்கிடுச்சா?" என்று கேட்டான். தரகர், "வழுக்கவும் இல்ல ஒண்ணும் இல்ல சார், வேணும்னே போட்டாங்க. ரெண்டு கையையும் விரிச்சாங்க, என் கண்ணால பார்த்தேன்" என்று கத்தினார். ஆமாம், வழுக்கிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தம்பி நம்பியிருப்பான். கீழே உட்கார்ந்து, பசை தெரிந்த கழுத்துத் துண்டையும் எண் இருந்த விளிம்புத் துண்டையும் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். புகாரில் 'துண்டுகளைத் திருடிச் சென்றார்' என்பது இதைத்தான். கழுத்துத் துண்டை இன்று துணை ஆய்வாளர் அம்மாவிடம் கைக்குட்டையோடு ஒப்படைத்தேன். உடைந்த ஓரத்தில் பழைய பசை மஞ்சளாக இருப்பதை அவரும் எழுத்தரும் பார்த்தார்கள். எண் உள்ள துண்டையும் ஒப்படைத்துவிட்டேன். அதில் உள்ள எண் என்ன என்று கேட்டார்கள். அது வழக்குக்குத் தேவையில்லை, எனக்கும் என் தம்பிக்கும் உள்ள விஷயம் என்று சொல்லிவிட்டேன்.

சம்பவம் நடந்த மூன்றாம் நாள் தம்பி மனைவி கிளினிக்குக்கு வந்தாள். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து, "அவர் சரியா சாப்பிடறதே இல்ல அண்ணி. ஏன் போட்டீங்கன்னு எங்கிட்ட மட்டுமாவது சொல்லுங்க" என்றாள். நான் அவள் கை நகத்தைப் பார்த்தேன். சாயம் கோழியின் கழுத்து நிறத்தில் இருந்தது. அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அதன் பிறகு அழுதுகொண்டே சொன்னாள். கோழியைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்திருந்தபோது தம்பி கை பட்டுச் சாய்ந்து கழுத்து கழன்றுவிட்டது. என்ன விழுந்தது என்று அவன் கேட்டான். கரண்டி என்று இவள் சொல்லிவிட்டாள். அவன் கடையில் இருந்தபோது ஒட்டி, நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்து, நகப்பூச்சு பூசி, பழைய இடத்தில் வைத்துவிட்டாள்.

"அவருக்குக் கண்ணு தெரியல அண்ணி. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது" என்றாள்.

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். சரியாகச் சொல்லத் தெரியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்றாள். வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்றாமல் காப்பாற்றிவருகிறாள். நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருக்கும்போது, சமையலறையிலிருந்து, இன்னைக்கு என்னங்க செய்தி என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். இத்தனை காலமும் இவளைத்தான் நான் மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து, போலீசில் கையுறை வழுக்கிவிட்டது என்று சொல்லிவிடுவது, தம்பிக்கு ஒன்றும் தெரியவேண்டாம் என்று முடிவு செய்தோம். துணிக் கையுறை வழுக்கும் என்பது ஊரறிந்தது. யாரும் நம்புவார்கள்.

இன்று காலை அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் வாய் திறப்பதற்கு முன் துணை ஆய்வாளர் அம்மா என் தம்பி கொடுத்த வாக்குமூலத்தை என்னிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னார். தரகர் தட்டச்சு செய்து கொண்டுவந்து, தம்பி இங்கே வைத்துக் கையெழுத்திட்டது. அதில், 'என் தமக்கை நெடுங்காலமாக என்மீது கொண்டிருந்த பொறாமையாலும் வன்மத்தாலும்' என்று இருந்தது. தமக்கை, வன்மம் என்ற வார்த்தைகள் என் தம்பி வாயில் இதுவரை வந்ததில்லை. கீழே, 'சேகரிப்பு முழுவதையும் மேற்படி தரகர் வசம் ஒப்படைக்கச் சம்மதித்திருந்த நிலையில்' என்று இருந்தது. முழுவதையும் என்றால் மதுக்கோப்பைகள், என் கூடை எல்லாம் சேர்த்து. எல்லாவற்றுக்கும் கீழே, 'இதை நானே படித்துப் பார்த்து, சரி என்று கண்டு கையெழுத்திட்டேன்' என்று இருந்தது. கையெழுத்து கோட்டின்மேல் இல்லை. அந்தக் கடைசி வரியின் மேலேயே ஏறியிருந்தது.

அவன் இதைப் படித்தானா என்று கேட்டேன். தாளைக் கையில் வாங்கி, நிதானமாகப் பார்த்து, பின்பக்கம் திருப்பியும் பார்த்து, தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார் என்று துணை ஆய்வாளர் அம்மா சொன்னார். பின்பக்கம் வெறும் தாள். அதைச் சொன்னதும் அவருக்கும் புரிந்துவிட்டது.

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. படிக்க முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்வதைவிட, சொந்த அக்காவைப் பற்றி எவனோ எழுதியதில் கையெழுத்துப் போடுவது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இன்று இதில் போட்டான். நாளைக்கு யாராவது விரலை வைத்துக் காட்டினால் கடையையும் வீட்டையும் எழுதிக் கொடுப்பான், தாளைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு. அவன் மறைக்கிறான், அவனுக்காக அவள் மறைக்கிறாள், அவர்கள் இருவருக்காகவும் நான் ஒரு கோழியையே உடைத்து மறைத்தேன். எல்லோரும் சேர்ந்து அவனைக் காப்பாற்றிய லட்சணத்தில் அவன் கையில் இருந்த எல்லாமே வெள்ளைக்கையுறைக்குப் போகப்போகிறது. ஆகவே கையுறை வழுக்கியது என்று நான் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

கோழியை உடைத்தது நான்தான். அதற்கு என்ன தண்டனையோ கொடுக்கட்டும், பொறாமை என்ற காரணத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சம்பவத்தன்று காலை தரகர் விரல் வைத்த இடத்தில் என் தம்பி கையெழுத்திட்ட தாளை வரவழைத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவனுக்குப் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்போது நான் கொடுத்த இந்த வாக்குமூலத்தையும் அவனை உட்காரவைத்துச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். அவன் மனைவியும் கூட இருக்க வேண்டும். அவன் என்மேல் கோபப்படுவான். படட்டும். இனிமேல் என் காதைப் பார்த்துத்தான் கோபப்பட முடியும், எனக்கு அது போதும்.

நான் வாயால் சொன்னதும் எழுத்தர் கையால் எழுதியதும் ஒன்றுதான். எனக்குப் படித்துக் காட்டினார்கள், அதன் பிறகு நானும் என் கண்ணால் ஒரு வரி விடாமல் படித்தேன். இதில் உள்ள அனைத்தும் உண்மை. என் கண்ணால் படித்தேன் என்பதும் உண்மை.

(கையொப்பம்)

பதிவு செய்த துணை ஆய்வாளரின் குறிப்பு:

மேற்படி வாக்குமூலம் இன்று மாலை இந்த நிலையத்தில் புகார்தாரரான தம்பிக்கு, அவருடைய மனைவியும் அக்காவும் உடனிருக்க, என்னால் சத்தமாகப் படித்துக் காட்டப்பட்டது. கரண்டி என்ற இடம் வந்தபோது அவர் மனைவி இருந்த பக்கம் திரும்பி, "கரண்டியா?" என்று மட்டும் கேட்டார். வேறு இடத்தில் குறுக்கே பேசவில்லை. படித்து முடித்த பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

அதன் பிறகு சான்றுப் பொருளான விளிம்புத் துண்டை அடையாளம் காட்டுவதற்காக அவரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கட்டைவிரலால் தடவி, முகத்தருகே கொண்டுபோய், இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு அக்கா இருந்த திசையில் நீட்டி, "எனக்குத் தெரியலக்கா. நீ பார்த்துச் சொல்லு" என்றார்.

அக்கா துண்டை வாங்கிப் பார்த்தார். முன்பே பார்த்திருந்தாலும் மறுபடியும் பார்த்தார். "ஒண்ணுடா" என்றார்.

"அப்ப கல்யாணம்தானா" என்று தம்பி சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா அதுவரை நின்றுகொண்டிருந்தவர், அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதன் பிறகு தம்பி தன் முந்தைய வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புதிதாகச் சொன்னது, தனித்தாளில் பதிவு செய்யப்பட்டது. அதன் கடைசி வரி, அவர் சொன்னபடியே, 'என்னால் படிக்க முடியாததால் படித்துக் காட்டக் கேட்டேன்' என்று எழுதப்பட்டது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் மனைவி விரலை வைத்துக் காட்ட, கோட்டின்மேல் சரியாகப் போட்டார்.